மூணு கட்டில் போட்ட கூடாரம்

பல்லேகம பக்கம் ஒரு சஃபாரி கூடார லொட்ஜுல ஒரு நாள் தங்கிட்டு, நானும் மகளும் இப்பதான் மாத்தளைக்கு வந்து சேர்ந்தோம்.

மூணு பேருக்கும்னு புக் பண்ணினது என் வீட்டுக்காரர். அவர் தவறி ரெண்டு மாசமாச்சு. மகள் கேட்டதால போனோம்.

கூடாரத்துல மூணு கட்டில்லயும் படுக்கை விரிச்சிருந்தாங்க.

"மாத்தயா பின்னால வர்றாரா?"ன்னு என் வீட்டுக்காரரைப் பத்திக் கேட்டாரு கூடாரத்தைக் காட்டின லொட்ஜ்காரர்.

"இல்லங்க, வரமாட்டாரு."

"வேல ரொம்பக் கூடவோ?"

"ஆமாங்க"ன்னுட்டேன்.

காலையில ஜீப்புக்குப் பக்கத்துலயே யானைக் கூட்டம். "அம்மா, பாருங்கம்மா!"ன்னு மகள் என் கையை நசுக்கினா. பார்த்தேன். பயமும் வரல, சந்தோஷமும் வரல. அவ மட்டும் சிரிச்சுக்கிட்டே இருந்தா.

இப்ப என் வீட்டுக்காரரோட போனுக்கு லொட்ஜுல இருந்து மெசேஜ் வந்திருக்கு: "குடும்பத்தோட சந்தோஷமா இருந்தீங்களா? எத்தனை ஸ்டார் தருவீங்க?"

மகள் அஞ்சு போடச் சொல்றா. நீங்கன்னா எத்தனை போடுவீங்க?