மொட்டைகளுக்கு நடுவே ஒரு தையல்: பழனியிலிருந்து கோடைக்கு, 1982

குறிஞ்சி பூத்த ஆண்டு அது. என் கணவருக்கு மூளையில் கட்டியை எடுத்து, கதிர் சிகிச்சையும் முடிந்திருந்தது. மகளுக்கு ஒரு வயது. "அடுத்துப் பூக்கப் பன்னெண்டு வருசம் ஆகும். இப்பவே பாத்துருவோம்" என்றார். அந்த ‘இப்பவே’ எதற்கென்று எனக்குத் தெரியும்.

எவ்வளவு காலம் இருப்பார் என்று மதுரையில் மருத்துவரிடம் கேட்டிருந்தேன். "இந்த வகைக் கட்டி மைக்ராஸ்கோப்புல எல்லாம் ஒண்ணு போலத்தாம்மா இருக்கு. ஒருத்தர் ஒரு வருசத்துல போயிடுறார், இன்னொருத்தர் பல வருசம் இருக்கார். செல்லுக்குள்ள என்னமோ வித்தியாசம். எங்களுக்குத் தெரியல."

எங்கள் ஊர் ஒட்டன்சத்திரத்திலிருந்து பழனி 30 கி.மீ.; அங்கிருந்து மலைப்பாதையில் கோடைக்கானல் 64. பழனியில் காலை ஏழு மணிப் பேருந்தில் ஏறினால், வண்டி முழுக்கச் சந்தனம் பூசிய மொட்டைகள்! வாரக்கணக்கில் துண்டால் மூடியே வைத்திருந்த தலையை அவர் அன்றுதான் திறந்தார்.

"சந்தனம் தடவலீங்களா? வெயிலுக்குக் காந்துமே" என்று பின்சீட்டு அம்மாள் தன்னிடமிருந்ததை எடுத்து அவர் தலையில் பூசத் தொடங்கினார். தையல் தழும்பில் விரல் நின்றது.

"ஆத்தீ! மரத்துலருந்து விழுந்தீகளா?"

"உள்ள கட்டிங்க. எடுத்துட்டாக" என்றார் என் கணவர்.

"வேண்டுதல் நெறவேறி அடிச்ச மொட்டையா, இனிமேத்தானா?"

அவர் சிரித்தார். "அது டாக்டருக்கே தெரியலீங்க."

"எடுத்தாச்சுல்ல, பெறகென்ன? தலையக் குனிங்க." மிச்சத்தையும் அப்பிவிட்டார்.

வடகவுஞ்சி தாண்டியதும் மகள் என் மடியில் வாந்தி எடுத்தாள். துடைத்து நிமிர்ந்தபோது பேருந்தே ‘ஓ’வென்றது. பூ! அவர் சன்னலோடு ஒட்டியிருந்தார். ஒரு செடிக்குள் இருந்துகொண்டு பன்னிரண்டு வரை எண்ணுவது எது? அப்படியொன்று இவர் தலைக்குள்ளும் எண்ணிக்கொண்டிருக்கிறதா?

அந்த வித்தியாசத்தைப் பின்னாளில் கண்டுபிடித்தார்கள். இந்த வகைக் கட்டியின் செல்லில் ஒன்றாம், பத்தொன்பதாம் குரோமோசோம்களில் ஒவ்வொரு துண்டு இல்லாமல் போயிருந்தால், நோயாளி நெடுநாள் வாழும் வாய்ப்பு அதிகமாம். இல்லாமல் போனதே நல்ல சேதி! இப்போது கட்டித் துணுக்கைச் சோதித்து ஓரளவு சொல்கிறார்கள். நாள் குறிப்பதில்லை.

போகிறவர்களுக்கு: வளைவுகள் அதிகம், குழந்தைக்கு வயிறு முட்டக் கொடுக்காதீர்கள். ஸ்வெட்டர் கட்டாயம். தலையில் அறுவை ஆனவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு மலையேறுங்கள்.

பூவைப் பற்றி எழுதவில்லையே என்று கேட்பீர்கள். அன்று நான் பார்த்துக்கொண்டிருந்தது அவர் முகத்தை. பூவைப் பார்த்தது 1994இல்தான்.

"இப்பவாச்சும் அந்தப் பக்கம் திரும்பும்மா" என்றார் அவர், பக்கத்தில் நின்று.