யார் ஆரம்பித்தது என்று கேட்காத வகுப்பு

மாரல் சயின்ஸ் மிஸ்ஸின் கை எப்போதும் குளிர்ச்சியாக இருக்கும். அந்தக் கை என் மணிக்கட்டைப் பிடித்து, எதிரே நின்ற பெண்ணின் கையில் கொண்டுபோய் வைத்தது இன்றும் அப்படியே நினைவிருக்கிறது. கிழக்குத் தாம்பரத்தில் நான் ஆறாம் வகுப்புப் படித்தபோது நடந்தது. அந்தப் பெண் எனக்குப் பின் பெஞ்சு. என் இரட்டைச் சடையின் ரிப்பனை டெஸ்க் கம்பியில் கட்டிவிட்டிருந்தாள். அட்டெண்டன்ஸுக்கு எழுந்தபோது தலை பின்னால் வெட்டி இழுக்க, வலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வகுப்பே சிரித்தது.

மிஸ் சிரிக்கவில்லை. எங்கள் இருவரையும் முன்னால் கூப்பிட்டு, "ரெண்டு பேரும் சாரி சொல்லுங்க" என்றார். நான் ஒன்றுமே செய்யவில்லை என்றேன். "யார் ஆரம்பிச்சாங்கன்னு இந்த கிளாஸ்ல கேக்க மாட்டோம்மா. யார் முடிக்கிறாங்கன்னுதான் கேப்போம்" என்றார். விமானப்படை விமானம் ஒன்று கூரைக்கு மேல் போனது. அந்தச் சத்தம் ஓயும்வரை பொறுமையாக நின்று, பிறகு எங்கள் கைகளைச் சேர்த்துவைத்தார். அவள் சிரித்த முகமாகவே கட்டைவிரல் நகத்தை என் உள்ளங்கையில் ஊன்றி அழுத்தினாள். எல்லோரும் கை தட்டினார்கள். கையை விரித்து மிஸ்ஸிடம் காட்டினேன். நகம் பதிந்த இடத்தில் ரத்தம் கசிந்திருந்தது. "போய்க் கை கழுவிட்டு வா" என்றார்.

மிஸ் கெட்டவர் இல்லை. அதுதான் கஷ்டம். மற்ற டீச்சர்கள் ஸ்கேலால் முட்டியில் அடித்த காலத்தில் அவர் ஒருவர்மேலும் கை வைத்ததில்லை. கிறிஸ்துமஸுக்கு வகுப்பு முழுவதற்கும் வீட்டில் செய்த கேக் கொண்டுவருவார். அவர் வகுப்பில் யாரும் யாரோடும் காய் விடக் கூடாது. விட்டால் அங்கேயே பழம் விட வைத்துவிடுவார். அந்த வருடம் பலமுறை என் சடை கம்பியில் கட்டப்பட்டது. பலமுறை நானும் சாரி சொன்னேன். கடைசியில் அம்மாவிடம் பேன் தொல்லை என்று பொய் சொல்லி, இடுப்புவரை இருந்த முடியைக் காதளவுக்கு வெட்டிக்கொண்டேன். "எங்க கிளாஸ்ல கம்ப்ளெயின்ட்டே வராது மேடம்" என்று மிஸ் தலைமையாசிரியையிடம் பெருமையாகச் சொன்னதை அந்தக் குட்டை முடியோடு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

இப்போது நாங்கள் கீழ்க்கட்டளையில் இருக்கிறோம். மகள் இரண்டாம் வகுப்பு. சென்ற மாதம் ஒரு மதியம், கூடப் படிக்கும் பெண் ஒருத்தி அவளைப் பள்ளிக் கழிவறைக்குள் விட்டு வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டாள். அடுத்த பீரியட் பாதியில் ஆயாதான் திறந்துவிட்டிருக்கிறார். சாயங்காலம் கேட்டில் என்னைப் பார்த்ததும், "கொயந்த கத்தி கத்தி தொண்ட கட்டிகினு கீதும்மா. வெளிய எதுக்கு ஒரு தாப்பான்னு நானும் கேட்டுகினேதான் கீறேன், யார் காதுல வுயுது" என்றார். அன்றிலிருந்து மகள் பள்ளியில் தண்ணீரே குடிப்பதில்லை. குடித்தால் போக வேண்டியிருக்கும். ஜுரம் வந்து, சிறுநீரில் கிருமி என்று டாக்டர் சொன்ன பிறகு வகுப்பாசிரியையைப் போய்ப் பார்த்தேன்.

"அடுத்த வாரம் பீஸ் வீக் மேம், சமாதான வாரம். வெள்ளிக்கிழமை அசெம்ப்ளில ரெண்டு பேரும் சாரி சொல்லி ஷேக் ஹேண்ட் பண்ணிடுவாங்க" என்றார்.

"இவ எதுக்கு சாரி சொல்லணும்?"

"சும்மா ஒரு ஃபார்மாலிட்டி மேம். பீஸ் வீக் நடத்துற ட்ரெயினர் அப்படித்தான் சொல்லிக் குடுத்திருக்காங்க."

பீஸ் வீக் தொடக்கத்தில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் ட்ரெயினரைப் பார்த்தேன். முடி முழுக்க நரைத்திருந்தது. குரல் மாறவில்லை. என் மிஸ்தான்.

மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து வழக்கம்போல் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன். நான்தான் பெரிதுபடுத்துகிறேனோ? பேசினால் அந்தக் கோபத்தைப் பள்ளியில் மகள்மேல் காட்டுவார்களோ? "ஏதாவது பேசி வெக்காத, அவ அங்கதான் படிச்சாகணும்" என்று கணவர் காலையில் வேறு சொல்லியிருந்தார். ஆனால் மிஸ் மைக்கைப் பிடித்து, "குழந்தைங்ககிட்ட யார் ஆரம்பிச்சதுன்னு மட்டும் கேக்காதீங்க" என்றதும் என் கை தானாக உயர்ந்துவிட்டது.

"மிஸ், நான் உங்க ஸ்டூடண்ட்."

அவர் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா, என் பொண்ணு!" என்றார். கை தட்டினார்கள். விமானம் போகும்வரை அவர் நிற்பாரே, அப்படி அந்தச் சத்தம் ஓயும்வரை நின்றேன். பிறகு ரிப்பன், நகம், வெட்டிய முடி எல்லாவற்றையும் சொன்னேன். என் மகளைப் பற்றியும் சொன்னேன். அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியதை ஒரு கணம்கூட விடாமல் பார்த்தேன். அத்தனை வருடமும் நான் காத்திருந்தது அதற்குத்தான்.

"அப்பவே என்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா" என்றார்.

"சொன்னேன் மிஸ். கை கழுவிட்டு வான்னு சொன்னீங்க."

பின்வரிசையில் யாரோ ஓர் அப்பா அடிக்குரலில் "செம" என்றார். மிஸ் மேடையை விட்டு இறங்கி வந்தார். கண் கலங்கியிருந்தது. "சாரிம்மா" என்று கையை நீட்டினார். கை தட்டுவதற்குக் கூட்டமே தயாராக இருந்தது. நான் இரண்டு கைகளையும் ஹேண்ட்பேக் மேலேயே வைத்திருந்தேன்.

"அதுக்கு அவசரமில்ல மிஸ். முதல்ல அந்த வெளித் தாழ்ப்பாளக் கழட்டச் சொல்லுங்க. அப்புறம் அந்தப் பொண்ணு சாரி சொல்லட்டும். என் பொண்ணு சொல்ல மாட்டா."

நீட்டிய கை சற்று நேரம் அந்தரத்தில் நின்றது. பிறகு அந்தக் கையாலேயே முந்தானையைச் சரிசெய்துகொண்டார்.

ஷேர் ஆட்டோவில் வீடு திரும்பும்வரை மனம் குடைந்தது. வயதானவர், மனதாரத்தான் மன்னிப்புக் கேட்டார். பிள்ளைகளுக்குச் சமாதானம் சொல்லிக்கொடுக்க வேண்டாம் என்றா நான் சொல்கிறேன்? அடி வாங்கியவளையும் அடித்தவளையும் ஒரே வரிசையில் நிறுத்திவிட்டு அதற்குச் சமாதானம் என்று பெயர் வைக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன். வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னதும், "கைய குடுத்திருக்கலாம்ல?" என்று கணவர் கேட்டார். "குடுத்திருக்கலாம்" என்றேன். இன்னொரு முறை நீட்டினாலும் கொடுத்திருக்க மாட்டேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

மறுநாளே தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை மகள் வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்:

"அவ சாரி சொன்னாம்மா. எல்லாரும் என்னையே பாத்தாங்க."

"நீ என்ன சொன்ன?"

"பாக்கலாம்னு சொன்னேன்."

எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை அடக்க முடியாமல் அவளை இழுத்து முத்தம் கொடுத்தேன். அவள் விலகி, இன்னொரு ஷூவைக் கையில் வைத்தபடி யோசித்தாள்.

"எவ்ளோ நாள்மா பாக்கணும்? திங்கக்கிழமை அவளுக்கு பர்த்டே."

"உனக்குத் தோணற வரைக்கும்" என்றேன்.

அவள் முகத்தைப் பார்த்தால் அந்தக் கோபம் திங்கட்கிழமை வரைகூடத் தாங்காது போலிருந்தது. எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை.