ஆற்றில் விழும் எங்கள் குழாய்

எங்கள் காலனியின் கழிவுநீர்க் குழாய் இன்றும் வைகையில்தான் விழுகிறது. அதை அங்கே கொண்டுபோய் விடச் சொன்னவன் நான். எடுக்கச் சொல்லித் தொண்டை வற்றக் கத்தியவனும் நான்தான். விடுவதற்கு ஒரு சாயங்காலக் கூட்டம் போதுமாக இருந்தது. எடுப்பதற்கு என் மிச்ச ஆயுசு போதாது போலிருக்கிறது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஆரப்பாளையத்துக்கு மேற்கே ஆற்றங்கரையை ஒட்டி வீடு கட்டினோம். பாதாளச் சாக்கடை வரும் என்று மனை விற்றவர் சொன்னார், வரவில்லை. மழை பெய்தால் செப்டிக் டேங்குகள் நிரம்பித் தெருவில் வழியும். எல்லா வீட்டுக் கழிவையும் ஒரே குழாயில் சேர்த்து ஆற்றில் விட்டுவிடலாம் என்று சங்கக் கூட்டத்தில் ஒருவர் சொன்னார். இன்னொருவர் தயங்கினார். நான் கல்லூரியில் வேதியியல் நடத்துகிறவன் என்பதால் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். எழுந்து நின்று, மணல் ஒரு பெரிய வடிகட்டி, கொஞ்ச தூரம் ஓடுவதற்குள் எல்லாம் சுத்தமாகிவிடும் என்று பாடம் நடத்தினேன். அந்த மணலை லாரி லாரியாக அள்ளிக்கொண்டு போவதை நாங்கள் மொட்டை மாடியிலிருந்து தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். எனக்கு உறைக்கவில்லை. கூட்டத்தில் கை தட்டினார்கள்.

என் தங்கை வாழ்க்கைப்பட்ட ஊர் மதுரையைத் தாண்டிக் கிழக்கே, அதே ஆற்றின் கரையில் இருக்கிறது. அவள் கணவர் விவசாயி. அவர்கள் குடிக்கும் கிணறு ஆற்றுக்கும் வயலுக்கும் நடுவில் இருந்தது. குழாய் போட்டுச் சில வருஷங்கள் கழித்து நான் போயிருந்தபோது தங்கை ஒரு டம்ளரை நீட்டினாள்.

"அண்ணே, தண்ணி ஒரு மாதிரி வாடை அடிக்குது. என்னன்னு பாருங்களேன்."

டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். "நல்லாக் காய்ச்சிக் குடிங்க. ஒண்ணும் செய்யாது" என்றேன்.

சாக்கடையும் உரமும் மண்ணில் இறங்கினால் நைட்ரேட் என்ற உப்பாகி நீரில் கரைகிறது. காய்ச்சினால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. நீர் ஆவியாகக் குறையக் குறைய, மிஞ்சும் நீரில் அது இன்னும் செறிவாகும். கரைந்த உப்பு ஆவியாகாது என்பது பள்ளிக்கூடப் பாடம்.

தங்கை மகளை வாடிப்பட்டியில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது எங்கள் வழக்கம். ஆற்றின் மேற்பக்கம் நல்ல தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த பெண்ணுக்கு வளைகாப்புப் போட்டு, ஊரின் கழிவையெல்லாம் வாங்கிக்கொண்டு ஓடும் கீழ்ப்பக்கத்துக்கு அழைத்து வந்தோம். பெண் குழந்தை பிறந்தது. தாய்க்குக் காய்ச்சல் வந்து பால் போதவில்லை. அவளுக்குத் தாய்மாமன் என்ற முறையில் பால்பவுடர் டப்பாக்களை நானே வாங்கிக்கொண்டு போனேன். என் தங்கை அண்ணன் பேச்சைத் தட்டாதவள். பச்சைக் குழந்தைக்கு என்பதால், தண்ணீரைப் பாதியாகச் சுண்டும்வரை காய்ச்சிப் பால் கலந்தாள்.

சில வாரங்களில் குழந்தையின் உதடும் நகமும் நீலம் பாரித்தன. பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். முதலில் இதயக் கோளாறு என்றார்கள். ரத்தம் எடுத்துப் பார்த்த ஓர் இளம் டாக்டரம்மா, "பாலை எந்தத் தண்ணில கலக்குறீங்க?" என்று கேட்டார்.

"கெணத்துத் தண்ணிதான் டாக்டர். நல்லாக் காய்ச்சித்தான் குடுக்குறேன். எங்கண்ணே காலேஜ்ல பாடம் நடத்துறவுக, அவுகதான் சொன்னாக" என்றாள் தங்கை. அந்த நேரத்திலும் குரலில் ஒரு பெருமை.

டாக்டரம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். சாக்கடையோ யூரியாவோ கிணற்றில் இறங்கினால் நைட்ரேட் கூடி, பச்சைக் குழந்தைக்கு இப்படி ஆகும் என்றார்.

"யூரியாவாத்தான் இருக்கும்" என்றேன் நான். முதல் சொல் என் காதில் விழாதது போல.

தங்கை கணவர்மேல் பாய்ந்தாள். "கெணத்தடியில மூட்டை மூட்டையாக் கொட்டாதன்னு எம்புட்டு சொன்னேன்! பேத்தியக் கொல்லப் பாத்தியேய்யா!"

அவர் சுவர் ஓரமாகப் போய் நின்றார்.

ஊசி போட்டார்கள், தண்ணீரை மாற்றச் சொன்னார்கள். குழந்தை பிழைத்தது.

நான் கிணற்றுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக் கல்லூரி ஆய்வகத்துக்குக் கொண்டுபோனேன். சுண்டவைத்துச் சோதனைக்குழாயில் ஊற்றி, இரும்பு உப்புக் கரைசல் சேர்த்து, குழாயின் ஓரமாகக் கந்தக அமிலத்தை மெல்ல இறக்கினேன். பழுப்பு வளையம் தெரிந்தது. வருஷா வருஷம் மாணவர்களைச் செய்யவைத்து மதிப்பெண் போட்ட சோதனை. ஆனால் அந்த நைட்ரேட் வயலிலிருந்து வந்ததா, எங்கள் குழாயிலிருந்தா, வழிநெடுக விழும் மற்றக் குழாய்களிலிருந்தா என்று வளையம் சொல்லாது. அதில் நான் வசதியாக ஒளிந்துகொண்டேன்.

சங்கத்தில் மட்டும் வீரமாக எழுந்து நின்று, குழாயை அடைக்க வேண்டும் என்றேன்.

"மணல் வடிகட்டும்னு நீங்கதான சார் சொன்னீங்க?"

"மணல்தான் இப்ப இல்லையேய்யா."

"அதுக்கு நாங்க என்ன செய்யிறது? அள்ளுறவன்கிட்டப் போய்ச் சொல்லுங்க."

"ஊரு பூராம் ஆத்துலதான விடுது. நாம நிப்பாட்டிட்டா வைகையில பன்னீரா ஓடப்போகுது?"

"வேணும்னா சார் வீட்ட மட்டும் அடைச்சுருவோம்ணே!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். கூட்டம் சிரித்தது. அடுத்து, பிள்ளையார் கோயிலுக்கு என்ன நிறத்தில் பெயிண்ட் அடிப்பது என்று இருட்டும்வரை பேசினார்கள்.

என் வீட்டை அடைத்தேன். டேங்க் நிரம்பியதும் உறிஞ்சும் லாரியை வரவழைத்து, எங்கே கொண்டுபோய் ஊற்றுவீர்கள் என்று கேட்டேன். "ஒங்க வீட்ட விட்டுப் போச்சுல்ல, அப்புறம் என்னண்ணே?" என்றார் ஓட்டுநர். ஸ்கூட்டரில் பின்னாலேயே போனேன். பாலத்தைத் தாண்டி, கரையில் ரிவர்ஸ் எடுத்து, ஆற்றிலேயே திறந்துவிட்டார். என்னைப் பார்த்துக் கைகூட ஆட்டினார். புகார் சொல்லப் போன அலுவலகத்தில் இன்னோர் அலுவலகத்துக்குப் போகச் சொன்னார்கள். அங்கே போனால், முதலில் போன அலுவலகத்துக்கே வழி சொன்னார்கள்.

இத்தனை அலைச்சலிலும் தங்கை வீட்டில் மட்டும் நான் வாய் திறக்கவில்லை. அங்கே குற்றவாளி தங்கை கணவர், என் மாப்பிள்ளைதான். யூரியாவை அடியோடு நிறுத்தினார், விளைச்சல் சரிந்தது. பேத்தி ஊருக்கு வந்தால் தூக்கக் கூசி, "வயலுக்குப் போய்ட்டு வாரேன்" என்று நழுவிவிடுவார். அவர் தலையிலிருந்த பழியை இறக்க என் ஒரு வார்த்தை போதும். சொல்லவில்லை.

தங்கை மருமகனுக்குக் கீழ்ப்பக்கமே வேலை மாறி, தங்கை ஊரிலேயே குடிவந்து, பேத்தியைப் பள்ளியில் சேர்த்த சமயம். நான் போயிருந்தேன். மாப்பிள்ளை பேத்திக்கு ஒரு டம்ளர் மோரை நீட்டினார். "தாத்தா குடுக்குறதக் குடிச்சிராத தாயி, ஏற்கெனவே ஒரு தடவ குடுத்தவருதான்" என்று தங்கை சிரித்தாள். அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. குழாய், மணல் பாடம், ஆஸ்பத்திரியில் மறைத்தது எல்லாவற்றையும் சொன்னேன்.

"அன்னைக்கே ஏண்ணே சொல்லல?" என்றாள் தங்கை. "இந்த மனுசன நான் அம்புட்டுப் பேச்சுப் பேசிட்டேனே."

மாப்பிள்ளை எழுந்து சட்டையை மாட்டினார். "கெளம்புங்க மச்சான். அந்தக் குழாயப் பாக்கணும்."

பஸ்ஸை விட்டு இறங்கிக் கரைக்கு நடந்தோம். கரையில் நின்று, கறுத்த நீர் நுரைத்து விழுவதை வெகுநேரம் பார்த்தார்.

"இதுல ஒங்க வீடு?"

"அடைச்சிட்டேன் மாப்ள."

"எப்ப?"

"பாப்பா ஆஸ்பத்திரியில இருந்து வந்த கையோட."

"அப்பவே தெரிஞ்சிருக்கு" என்றார். "யூரியா நான் போட்டது போட்டதுதான். அத இல்லேங்கல" என்றார்.

வீட்டுக்கு வந்து ஒரு வாய் காப்பி குடித்துவிட்டுப் போகச் சொன்னேன். வேண்டாம் என்று ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார். அதற்குப் பிறகு என் வீட்டில் அவர் கை நனைத்ததில்லை. அந்த வருஷம் முழுக்கப் பேத்தியைச் சைக்கிளில் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டவர் அவர்தான் என்று தங்கை ஒருநாள் போனில் சொன்னாள். சொன்னதும் வைத்துவிட்டாள்.