அவள் வீட்டுக்கு மட்டும் வந்த போலீஸ்

சுனாமிக்குப் பிறகு பல வருடம், போர்ட் பிளேரிலிருந்து கப்பலில் வர வேண்டிய எங்கள் தீவில், நாங்கள் தகரக் கொட்டகைகளில்தான் இருந்தோம். எல்லாம் சிலோனிலிருந்து திரும்பி வந்து எண்ணெய்ப் பனைத் தோட்டத்தில் வேலை பார்த்த குடும்பங்கள். இந்தியில் மனு எழுதத் தெரிந்தவள் அந்தக் கொட்டகை லைனிலேயே நான் ஒருத்திதான். அந்தப் பெருமையில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

பிறகு நாலு வீடு தள்ளி அவள் குடிவந்தாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள். அவளும் மனு எழுதினாள். எழுதியதைத் தமிழில் சொல்லிக் காட்டி, சம்மதம் கேட்டு, அப்புறம்தான் கைரேகை வாங்கினாள். நான் ஒரு நாளும் அப்படிச் செய்ததில்லை. இங்கே வை என்று மட்டும் சொல்வேன். ஒரு மாதத்தில் சனம் மொத்தமும் அவள் வாசலில். எனக்கு வயிறு எரிந்தது.

சிலோனில் சண்டை முடிந்த வருடம் அது. எங்கள்மேல் எல்லாருக்கும் ஒரு சந்தேகம். மப்டியில் ஒரு போலீஸ்காரர் வாரம் தவறாமல் அவள் வீட்டுக்கு வந்தார். யார் யார் வந்தார்கள், என்ன மனு என்றெல்லாம் கேட்டு எழுதிக்கொள்வார். நியாயமாக நான் பயந்திருக்க வேண்டும். எனக்கு வந்ததோ ஆத்திரம். பதினைந்து வருடம் சர்க்காருக்கு எதிராக எழுதியவள் நான், என்னை ஒரு நாய்கூட விசாரிக்கவில்லையே. சொன்னால் சிரிப்பீர்கள், அவர் வரும் நாளில் நல்ல சேலை கட்டிக்கொண்டு வாசல் பெருக்கினேன்.

ஒரு நாள் என் வீட்டுக்கும் வந்தே விட்டார். டீ போட்டுக் கொடுத்தேன். என்னைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை, எல்லாம் அவளைப் பற்றித்தான். எரிச்சலில் சொன்னேன், வாராவாரம் சிலோனுக்குப் போன் பேசுகிறாள், என்ன பேசுகிறாளோ என்று. ஹட்டனில் இருக்கும் அத்தையிடம்தான் பேசுகிறாள் என்பது எனக்குத் தெரியும். அதை மட்டும் சொல்லவில்லை.

அடுத்த வாரமே அவளை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். திங்கட்கிழமைதோறும் வந்து கையெழுத்துப் போட வேண்டும், கேட்காமல் கப்பல் ஏறக் கூடாது. உத்தரவு என்று ஒரு காகிதமும் இல்லை, வாய்ச்சொல்தான். போர்ட் பிளேரில், ஷாதிபூரில் அவள் தம்பி வீட்டில் அம்மா சாகக் கிடந்தாள். கேட்டும் போக விடவில்லை, இரண்டு கப்பல் போய்விட்டது. பயந்துபோய் யாரும் அவளிடம் மனு எழுதப் போகவில்லை, எல்லோரும் என்னிடம் திரும்பி வந்தார்கள். சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்.

மூன்றாவது கப்பலுக்கு இரண்டு நாள் இருக்கும்போது அவளே வந்தாள், கையில் வெள்ளைத்தாளோடு. தனக்கு ஒரு மனு எழுதித் தரச் சொன்னாள். நீயே எழுதலாமே என்றேன்.

"போன் விஷயம் நீங்க சொன்னதுதான்னு எனக்கு மாலூம் அக்கா," என்றாள். "அதுனாலதான் உங்ககிட்ட வந்தேன். நான் பேசினது அத்தைகிட்டன்னு வேற யாரு சொன்னாலும் அவங்க நம்ப மாட்டாங்க."

எழுதினேன். சொன்னது நான்தான், தெரிந்தே பாதியை மறைத்தேன் என்று எழுதி, கீழே என் பெயரைப் போட்டேன். அவள் கப்பல் ஏறினாள். அம்மாவை உயிரோடு பார்த்தாள்.

இத்தனை வருடம் கழித்தும் அவள்மேல் எனக்குப் பொறாமை போகவில்லை. எனக்கு ஒருத்தி அப்படிச் செய்திருந்தால், அவள் வாசலில் போய் நிற்க எனக்கு மனசு வந்திருக்காது.