பேரி மரத்துக்கு வந்த மீன் ஐஸ்

போன கிழமை கனடாவிலிருந்து பெரியத்தான் வீடியோவில் அழைப்பு எடுத்தார். பெரியத்தான் என்றால் என் அக்காவின் கணவருக்குத் தமையன். வழக்கமாகக் கூரையையும் தன்னுடைய நெற்றியையும்தான் காட்டுவார். அன்றைக்கு அதிசயமாகத் தெருவைக் காட்டினார். தெரு நெடுக மரங்கள். ஓர் இலைகூடத் தெரியாமல் வெள்ளை வெளேரென்று பூத்து நின்றன. எல்லாம் பேரி மரங்கள், பழத்துக்கு அல்ல, அழகுக்கு மட்டும் வைக்கிற வகை.

"பிள்ளை, உன்ர அத்தானுக்கு நான் கடைசி வரைக்கும் இதைச் சொல்லேல்லை," என்று சிரித்தார். "உந்தப் பூ சரியான மீன் நாத்தம். யன்னல் திறக்கேலாது."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. குசினிக்குள் போய் அடுப்படியில் நின்று இரண்டையும் கொஞ்சம் செய்துவிட்டு வந்தேன். ஏன் என்று உங்களுக்குச் சொல்லத்தான் வேண்டும்.

யுத்தம் முடிந்து ஊரில் மீளக் குடியேறிய புதிது. நான் அக்கா வீட்டில் இருந்துகொண்டு பரந்தன் சந்தியில் ஒரு போட்டோக்கொப்பிக் கடையில் வேலை செய்தேன். அந்த நாளில் எங்கே போனாலும் எல்லாப் பத்திரத்துக்கும் கொப்பி கேட்டார்கள். கடை முழுக்கச் சூடான கடதாசி மணக்கும். வீட்டுக்கு வந்தால் கூரைக்கும் சுவருக்கும் அடித்த புதுத் தகரத்தின் மணம். வளவில் நிழலுக்கு ஒரு மரம் மிஞ்சியிருக்கவில்லை. ஊரே தென்னம்பிள்ளையும் மாங்கன்றும் நட்டுக்கொண்டிருந்தபோது, எங்கள் அத்தான் பேரி நட்டார்.

காரணம் பெரியத்தான்தான். போனில் அந்த மரத்தைப் பற்றிப் புளுகோ புளுகென்று புளுகிவிட்டு, "உங்கடை வெய்யிலுக்கு உது வராதடா" என்று ஒரு சொல் விட்டுவிட்டார். அத்தான் நாளெல்லாம் வயலோடு மல்லுக்கட்டுகிறவர். விடுவாரா? குளிர் மலையான நுவரெலியாவிலிருந்து கரட்டும் லீக்ஸும் ஏற்றிவரும் லொறிக்காரரைப் பிடித்து ஒரு கன்று எடுப்பித்தார். லீக்ஸ் மணத்தோடு வந்து இறங்கிய அதை அக்கா ஒருதரம் சுற்றிவந்து பார்த்தா.

"என்னப்பா காய்க்கும்?"

"காய்க்காது. பூக்கும்."

"சாமிக்கு வைக்கலாமோ?"

"அது தெரியாது. பாக்க வடிவா இருக்கும்."

"அப்ப உங்கடை குடும்பத்து மரம்தான்," என்றுவிட்டு அக்கா உள்ளே போனா.

மரம் பூக்கவில்லை. கேட்டால், பனி கொட்டி, இலை உதிர்ந்து, நித்திரை கொண்டு எழும்பினால்தான் அது பூக்கும் என்றார் பெரியத்தான். பரந்தனில் பனி என்பது மார்கழி விடியலில் சைக்கிள் சீற்றில் கிடக்கும் ஈரம். அத்தான் இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் படலையில் மீன்காரரின் ஹோர்ன் கேட்டது. குளிர் எங்கே கிடைக்கும் என்று அவருக்கு விளங்கிவிட்டது.

மீன்காரரின் பெயர் அன்ரன். முல்லைத்தீவுக் கரை. மோட்டார் சைக்கிளின் பின்னால், மீனும் ஐஸும் நிரப்பிய வெள்ளை ரெஜிபோம் பெட்டியைக் கட்டிக்கொண்டு வருவார். எங்கள் வீடுதான் அவருக்குக் கடைசி வீடு. மிச்ச ஐஸை மரத்தடியில் கொட்டச் சொன்னார் அத்தான். அன்ரன் பெட்டியைச் சரிப்பார், நான் மண்வெட்டியால் மரத்தைச் சுற்றிச் சேர்ப்பேன். ஊர்ப் பூனை எல்லாம் எங்கள் முற்றத்தில் குடியேறின. அக்கா சாம்பிராணி போட்டுப் பார்த்தா. சாம்பிராணியும் மீனும் சேர்ந்து இன்னொரு மணம் வந்தது, அவ்வளவுதான். நான் மட்டும் ஒரு குறையும் சொல்லவில்லை.

முதல் மாதம் அன்ரன் என்னைத் "தங்கச்சி" என்று கூப்பிட்டார். இரண்டாம் மாதம் அந்தச் சொல்லைக் கைவிட்டார். பதிலுக்கு வேறொன்றும் வைக்கவில்லை, "இஞ்சை" என்று தொடங்கிக் கதைப்பார். நானும் காலையில் மண்வெட்டி பிடிக்கப் பவுடர் பூசத் தொடங்கியிருந்தேன். அவர்கள் வேதம், மாதா கோயிலுக்குப் போகிறவர்கள்; நாங்கள் சைவம். அவர்கள் கடல், நாங்கள் வயல். மூன்றாவதாகவும் ஒன்று இருந்தது. எங்கள் பக்கத்தில் அதை வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், கலியாணப் பேச்சு வந்தால் மட்டும் சொல்வார்கள்.

இதற்கிடையில் மரம் இலையைக் கொட்டியது. "பாத்தியளே, வின்ரர் துவங்கிட்டுது!" என்று அத்தான் துள்ளாத குறை. எனக்குச் சந்தேகம். பட்டையை நகத்தால் சுரண்டினேன். பச்சை இல்லை. உள்ளே காய்ந்த மண்ணிறம்.

ஐஸ் கொட்ட வந்த அன்ரன் நிலத்தைப் பார்த்தார். "ஐஸ் நிண்டு பிடிக்க நாங்கள் உப்புப் போடுறனாங்கள்..."

"அதை முதலே சொல்லக்கூடாதே?"

"ஒருத்தரும் கேக்கேல்லையே. இப்ப அத்தானுக்குச் சொல்லுவமோ?"

நான் யோசித்தேன். மரம் செத்தது என்றால் ஐஸ் வேண்டாம். மீனுக்கு மட்டும் அவர் வந்தால் படலைக்குப் போவது அக்கா. நான் தகரத்துக்குப் பின்னால் நின்று ஹோர்னை மட்டும் கேட்கவேண்டியதுதான். "சொல்லாதேங்கோ," என்றேன். "நித்திரையெண்டே இருக்கட்டும்."

அன்றிலிருந்து அவர் உப்புப் போடாத ஐஸ் தனியாகக் கொண்டுவந்தார், செத்த மரத்துக்கு. வெள்ளிக்கிழமையும் வந்தார். கோயிலில் கொடியேறி, ஊரில் ஒரு வீட்டிலும் மீன் மச்சம் காய்ச்சாத நாட்களிலும் வந்தார். "மீன் வாங்காத வீட்டிலை மீன்காரனுக்கு என்ன வேலை?" என்று அயலில் கேட்டார்கள். "மரத்துக்கு," என்றா அக்கா, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். அவாவுக்கு எவ்வளவு தெரியும் என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது.

ஒருநாள் ஞாயிற்றுக்கிழமையும் வந்துவிட்டார். ஞாயிறு அவர்கள் கடலுக்குப் போவதில்லை. மீன் இல்லை, பெட்டி இல்லை. விடியற் பூசை முடிந்து, வெள்ளைச் சட்டையை மினுக்கிப் போட்டு, தலையைப் படிய வாரி, சாக்கில் சுற்றிய ஒரு துண்டு ஐஸோடு படலையில் நின்றார். நான் புதுச் சட்டையும் மண்வெட்டியுமாகப் போனேன். பின்னால் அத்தான், தேத்தண்ணிக் கோப்பையோடு.

அத்தான் வெள்ளைச் சட்டையைப் பார்த்தார். என் புதுச் சட்டையைப் பார்த்தார். பிறகு நேரே மரத்தடிக்குப் போய்ப் பெருவிரல் நகத்தால் பட்டையைச் சுரண்டினார். வெள்ளாமைக்காரர், ஒரு சுரண்டலில் எல்லாம் விளங்கியிருக்கும். "இனி வரவேண்டாம்" என்று அவர் சொன்னால் அதற்குமேல் கதை இல்லை. அன்ரனின் கையிலிருந்து ஐஸ் சொட்டுச் சொட்டாகச் சப்பாத்தில் விழுந்தது.

அத்தான் நகத்தைச் சாரத்தில் துடைத்தார்.

"நல்ல நித்திரை," என்றார். "தம்பி, நாளைக்கும் கொண்டு வாரும். அடுத்த ஞாயிறு வரேக்கை ஐயாவையும் அம்மாவையும் ஒருக்காக் கூட்டிக்கொண்டு வாரும். அவையும் மரத்தைப் பாக்கட்டும்."

அவர்கள் வந்து பார்த்தார்கள். சொந்தக்காரர் சிலர் பிறகு எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. அத்தான் அவர்களுக்குச் சொன்ன பதிலை எழுத முடியாது. எங்கள் கலியாணத்துக்குப் பெரியத்தான் கனடாவிலிருந்து வந்தார். அவர் வருவதற்கு முன் அத்தான், பந்தல் சோடினையில் மிஞ்சிய வெள்ளைக் கடதாசிப் பூக்களை அந்தக் காய்ந்த கொப்புகளில் ஒவ்வொன்றாகக் கட்டிவைத்திருந்தார். "வந்து பாரண்ணை, பூத்திருக்கு!"

பெரியத்தான் கிட்டப் போய்க் குனிந்து மணந்து பார்த்தார். நிலத்தில் அவ்வளவு நாளும் ஊறிய மீன் ஐஸ். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஓமடா, அதே மரம்தான்!" என்றார். தம்பியைப் பகிடி பண்ணுகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அத்தானும் அப்படித்தான் நினைத்தார். அன்றைக்கு அவருடைய முகம் கொஞ்சம் வாடியது எனக்கு நினைவிருக்கிறது.

இப்போது அந்த முற்றத்துக்குச் சீமெந்து போட்டாயிற்று. பூனைகளும் இல்லை. மீன், லொறியில் ஒலிபெருக்கி வைத்துக்கொண்டு வருகிறது. முள்ளியவளையில் எங்கள் வீட்டுக் கதிரையில் கண்ணாடி போட்டுக்கொண்டு இருக்கிற அன்ரனுக்கு ஐஸ் தூக்கினால் இடுப்புப் பிடிக்கும். அத்தான் கண்ணை மூடி இரண்டு மாரி கடந்துவிட்டது. தமையனிடம் தோற்றுப்போனேன் என்று நினைத்துக்கொண்டே போய்விட்டார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

போன கிழமை பெரியத்தான் கதைத்து முடித்ததும், என்ன நினைத்தேனோ, போனில் இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிற அத்தானின் நம்பரை அழுத்தினேன். மணி அடித்தது. யாரோ எடுத்தார்கள். அந்த நம்பர் இப்போது வேறு ஆளுக்குப் போயிருக்கிறது.

"ஆர் கதைக்கிறது?" என்றது ஒரு பெடியனின் குரல்.

"மரம் அப்பவே பூத்திட்டுதாம், அதைச் சொல்லத்தான் எடுத்தனான்," என்றுவிட்டு வைத்துவிட்டேன்.