வண்டல் வாரிய இடம்

வடக்கனந்தல் பக்கம் எங்கள் ஊர். போன கோடையில் ஏரி வற்றியதும், கரும்புக் கொல்லைக்கு டிராக்டரில் வண்டல் மண் வாரினோம். பிறகு மழையில் ஏரி நிரம்பிவிட்டது.

காணும் பொங்கலன்று குடும்பத்தோடு கரையைச் சுற்றி நடந்தோம். ஓரத்தில் பிள்ளைகள் குளிப்பதைப் பார்த்து என் மகள் காவ்யாவும் கெஞ்சினாள்.

“முட்டியளவு தண்ணிதான், எறங்கும்மா” என்று நான்தான் அனுப்பினேன்.

நாலடி வைத்தவள் சட்டென்று முழுகிப்போனாள். என் கணவர் பாய்ந்து, தலைமுடியைப் பற்றி இழுத்து வந்தார். அவள் தண்ணீரைக் கக்கி அழுத பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது.

கரையிலிருந்த பனைமரத்தைப் பார்த்த அவர், “அடியே, நாம வண்டல் வாரிக்கினு போன எடம்டி இது!” என்றார்.

அதே மரத்தடியில்தான் அன்று ஆட்களுக்குச் சோறு போட்டேன். எப்படி மறந்தேன்?

இந்தக் கோடையில் மண் வாரியதும், பள்ளத்தின் ஓரங்களைச் சரித்து, சிவப்புத் துணி கட்டிய மூங்கிலை நட்ட பிறகே வீடு திரும்பினோம். காவ்யா கரைமேலேயே நின்றாள். தண்ணீரில்லாத ஏரிக்குள்கூட அவள் இறங்கவில்லை.