காபி வரும் வரை எழுந்திருக்கக் கூடாது

பிள்ளைகளைத் தூங்க வைக்கலாம், குளிக்க வைக்கலாம், விளக்கெண்ணெய்கூடக் குடிக்க வைக்கலாம். ஆனால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு மணிக்கணக்கில் ஒரே நாற்காலியில் உட்கார வைப்பதற்கென்றே ஒரு வேலை இருந்தது, அந்த வேலையை நான் பல சீசன் பார்த்தேன்.

இடம் கொடைக்கானல். ஏரிக்கு மேலே, யூகலிப்டஸ் மரங்களுக்கு நடுவில் ஒரு ஹோட்டல். வெள்ளைக்காரர்கள் நாட்டை விட்டுப் போய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. அந்த ஹோட்டலை நடத்திய வெள்ளைக்கார அம்மாள் மட்டும் போகவில்லை. மேடம் என்றுதான் நாங்கள் கூப்பிடுவோம். மற்ற ஹோட்டல்களில் பிள்ளைகளுக்குச் சாயங்காலமே தனியாகக் கொடுத்துப் படுக்க வைத்துவிடுவார்கள். எங்கள் சமையல்காரர் கோயில்பிள்ளையோ, ஒரே ராத்திரிக்கு இரண்டு தடவை சமைக்க முடியாது என்று சொல்லிவிட்டார். மேடம் அதையே ஒரு கொள்கையாக்கிவிட்டார். குடும்பம் என்றால் சேர்ந்து சாப்பிட வேண்டும். எட்டு மணிக்கு மணி அடிக்கும். முதலில் சூப், பிறகு மீன், ரோஸ்ட் என்கிற வாட்டிய இறைச்சி, புட்டிங் என்கிற இனிப்பு, கடைசியில் காபி. ஹாலில் எல்லாத் தட்டுகளையும் எடுத்தால்தான் அடுத்தது வரும். காபி வரும் வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது.

என் பெயர் லூர்தம்மாள். செண்பகனூர்க்காரி. என் வீட்டுக்காரர் அந்த ஹோட்டலில் தோட்டவேலை பார்த்தார். "உனக்கு நாலு பிள்ளை. உனக்குத் தெரியும்" என்று சொல்லி மேடம் என்னை டைனிங் ஹாலில் நிற்க வைத்தார். என் நாலும் தட்டை வைத்த வேகத்தில் காலி பண்ணிவிட்டு ஓடுகிற ரகம். அதை நான் மேடத்திடம் சொல்லவில்லை. கல்யாணப் பந்தியில், அடுத்த பந்திக்காரர்கள் முதுகுக்குப் பின்னால் நிற்க, மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு சாப்பிட்டு எழுந்தவர்களுக்கு என் பாடு பாதி புரியும். மீதியைச் சொல்கிறேன்.

சோறு எங்கே?

திண்டுக்கல்லிலிருந்து ஒரு வக்கீல் குடும்பத்தோடு வந்திருந்தார். இந்த மாதிரி டின்னர் அவர்களுக்கு அதுதான் முதல் தடவை. பையன் முரளிக்கு நாலு வயசு இருக்கும். தக்காளி சூப் வந்தது. நான் அவன் கழுத்தில் துண்டைக் கட்டினேன். அவன் தட்டை உற்றுப் பார்த்துவிட்டு, "ரசம் வந்திருச்சு. சோறு எங்க?" என்றான். "சோறு பெறகு வரும் ராசா, மொதல்ல இதக் குடி" என்றேன். "சோத்துக்கு முந்தியே ரசமா?" என்று அப்பாவிடம் கேட்டான். வக்கீல் கோர்ட்டில் எப்படிப் பேசுவாரோ எனக்குத் தெரியாது. இங்கே அவர் கையில் கரண்டியை வைத்துக்கொண்டு, இதை எப்படிக் குடிப்பது என்று அடுத்த மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பட்லர் அந்தோணி அண்ணன் தட்டை எடுக்க வந்தார். முரளி இரண்டு கையாலும் தட்டை அணைத்துக்கொண்டு அதன்மேல் கவிழ்ந்துவிட்டான். சோறு வருகிறபோது ரசம் இல்லாமல் போனால் என்ன செய்வது என்பது அவன் பயம். ஹால் முழுக்க மற்ற தட்டுகள் எல்லாம் போய்விட்டன. இவன் தட்டு ஒன்றுதான் பாக்கி. உள்ளே மீன் ஆறிக்கொண்டிருந்தது. கோயில்பிள்ளை சமையல்கட்டுக் கதவைத் திறந்து திறந்து முறைத்தார். வேறு வழியில்லாமல் நான் உள்ளே போய், எங்களுக்கு வடித்து வைத்திருந்த சோற்றில் ஒரு கிண்ணம் எடுத்து வந்து அந்தச் சூப்பிலேயே போட்டுப் பிசைந்தேன். பிள்ளை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டான். பக்கத்து மேசையில் மதராசிலிருந்து வந்த ரிட்டையர்டு ஜட்ஜ் ஒருவர் இருந்தார். கோட்டு, டை எல்லாம் போட்டுக்கொண்டு, வருஷா வருஷம் வருகிறவர். அவர் அந்தோணி அண்ணனைக் கூப்பிட்டுக் குரலைத் தணித்துச் சொன்னார்: "எனக்கும் அதே மாதிரி கொண்டு வாப்பா. இதைக் கேட்கத்தான் இத்தனை வருஷமாக் கூச்சப்பட்டுக்கிட்டிருந்தேன்."

உப்பு இல்லை, உறைப்பு இல்லை

மே மாதத்தில் அமெரிக்காக்காரக் குடும்பங்கள் சமவெளியிலிருந்து மேலே வந்துவிடும். அப்படி ஒரு டாக்டர், மிஷன் ஆஸ்பத்திரிக்காரர், மனைவியோடும் மகனோடும் வந்தார். மகன் டேவிட், ஆறு வயசு, மக்காச்சோள நார் மாதிரி தலைமுடி. கீழே நாட்டுப்புறத்தில் ஆயா கையில் வளர்ந்த பிள்ளை. அம்மாவிடம் இங்கிலீஷ், உலகத்தில் மற்ற எல்லோரிடமும் தமிழ். அந்த அம்மாவுக்கோ தமிழில் 'வணக்கம்', 'போதும்' இரண்டும்தான் தெரியும்.

வெள்ளைச் சாஸ் ஊற்றிய மீன் வந்தது. டேவிட் ஒரு வாய் எடுத்தான். முள்கரண்டியைக் கீழே வைத்தான். பிறகு ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னான்: "இதுல உப்பும் இல்ல, உறைப்பும் இல்ல. செத்த மீன இன்னொருக்காக் கொன்னு வச்சிருக்காக." தமிழ் தெரிந்த மேசைகள் எல்லாம் தலையைக் குனிந்துகொண்டன. மகன் ஏதோ நல்லதாகச் சொல்கிறான் என்று நினைத்து அவன் அம்மா எல்லோரையும் பார்த்துச் சிரித்தார். டாக்டருக்குப் புரிந்துவிட்டது, அவர் காது சிவந்துபோனது. சமையல்கட்டுக் கதவு திறந்தது. கோயில்பிள்ளை கையில் கரண்டியோடு வெளியே வந்து, "யாருல அது?" என்றார். நான் டேவிட்டுக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். பிள்ளை என் சேலையை விலக்கிக்கொண்டு எட்டிப் பார்த்து, "நாந்தான். எங்க ஆயா வைக்கிற மாதிரி வச்சுத் தாங்க" என்றான், மரியாதையாகவே.

கோயில்பிள்ளைக்குச் சொந்த ஊர் கடற்கரைப் பக்கம். இத்தனை வருஷமாக இந்த ஹாலுக்காக மிளகாய் இல்லாத மீனைச் சமைத்து மனசு வெறுத்துப் போயிருந்தவர். அந்தப் பிள்ளையையே கொஞ்ச நேரம் பார்த்தார். உள்ளே போனார். ரோஸ்ட் வருகிற நேரத்தில், எங்களுக்கென்று வைத்திருந்த மீன் குழம்பு ஒரு கிண்ணத்தில் வந்தது. டேவிட் மூக்கொழுகச் சாப்பிட்டான். டாக்டரும் ஒரு ரொட்டித் துண்டைத் தொட்டுக்கொண்டார், அப்புறம் இன்னொன்று. கிண்ணத்தை எடுத்துப் போகக் கோயில்பிள்ளையே வந்தார். அதை வழித்து வைத்திருந்த அழகைப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "ஏ லூர்து, இந்த ஹால்ல நாக்கு உள்ள ஒரே மனுசன் இவந்தான்."

இரண்டு கையையும் நீட்டணும்

பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருந்த ஒரு முதலாளி, மனைவிக்கு மலைக்காற்று வேண்டும் என்று வைத்தியர் சொன்னதால் வந்திருந்தார். ஊரில் வேறு எங்கும் அறை இல்லை. சைவக் குடும்பம், அவர்களுக்கு எங்கள் ஹாலில் கிடைத்தது ரொட்டி, அவித்த உருளைக்கிழங்கு, அதற்கு மேல் இன்னும் கொஞ்சம் அவித்த உருளைக்கிழங்கு. மகன் தண்டபாணிக்கு அஞ்சு வயசு. அவன் ஒரு பஞ்சாமிர்த டப்பாவை மடியில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.

ரோஸ்ட் வந்ததும் அவனுக்கு முன்னால் வைக்க ஒன்றும் இல்லை. நான் திரும்பி அடுத்த மேசைப் பிள்ளைக்கு இறைச்சி நறுக்கிக் கொடுத்துவிட்டுப் பார்த்தால் நாற்காலி காலி. டப்பாவும் கரண்டியுமாக அவன் மேசை மேசையாகப் போய்க்கொண்டிருந்தான். கடைக்காரர் பிள்ளை; நாலு பேர் உட்கார்ந்திருந்தால் கொடுத்தாக வேண்டும். அவன் அப்பா எழுந்து வர, நான் இந்தப் பக்கமாக ஓட, அதற்குள் அவன் ஜன்னலோரத்தில் தனியாகச் சாப்பிடும் கிழட்டுத் துரையிடம் போய்விட்டான். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று, மேடம் மாதிரியே ஊருக்குப் போகாமல் தங்கிவிட்டவர். அந்த மேசைக்கு அந்தோணி அண்ணனே பேசாமல்தான் பரிமாறுவார். துரை கரண்டியை எடுத்து நீட்டினார். தண்டபாணி கூடாது என்று தலையை ஆட்டினான். "கையில வாங்கணும். ரெண்டு கையும் சேத்து. கீழ சிந்தக் கூடாது."

மேடம் எழுந்து நின்றுவிட்டார். துரை முள்கரண்டியையும் கத்தியையும் தட்டில் வைத்தார், கையைத் துடைத்தார், இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து நீட்டினார். வாங்கி வாயில் போட்டுக்கொண்டு வெகுநேரம் மென்றார். விரலையும் நக்கினார். இத்தனை சீசனில் அவர் சாப்பாட்டை ரசித்து நான் பார்த்ததில்லை. பிறகு என்னைக் கூப்பிட்டு, கொச்சைத் தமிழில் கேட்டார்: "இந்தப் பையன் நாளைக்கு சூப்புக்கு முன்னாடியே வருவானா?"

வசந்தி எங்கே

இதை இப்போது சிரித்துக்கொண்டு சொல்கிறேன். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. ஒரு இன்ஜினியர், மனைவி, மூன்று வயசுப் பெண் வசந்தி. மீனுக்கும் ரோஸ்டுக்கும் நடுவில் நாற்காலியில் பிள்ளை இல்லை. மேசைக்குக் கீழே அவள் செருப்பு இரண்டும் ஒழுங்காகக் கிடந்தன. வராந்தாக் கதவு திறந்து கிடந்தது. வெளியே மூடுபனி, கை நீட்டினால் கை தெரியாது. தோட்டம் முடிகிற இடத்தில் சரிவு, சரிவுக்குக் கீழே ஏரி. அவ்வளவு பெரிய ஹாலில் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் அந்த ஏரி ஞாபகம் வந்தது.

ஆம்பளைகள் எல்லாம் டார்ச்சும் அரிக்கேன் விளக்குமாக இறங்கி ஓடினார்கள். என் வீட்டுக்காரரும் ஓடினார். பனிக்குள்ளே அங்கங்கே "வசந்தி, வசந்தி" என்று குரல் மட்டும் கேட்டது. அவள் அம்மா அழவில்லை. அந்தச் செருப்புகளை மடியில் வைத்துக்கொண்டு கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரிடம் போய் என்ன சொல்வேன்? பார்த்துக்கொள்ளத்தானே என்னை நிறுத்தியிருந்தார்கள். மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டே ஒரு கம்பளி எடுக்கச் சமையல்கட்டுக்குப் பக்கத்து அறைக்குள் போனேன். பிள்ளை கிடைத்தால் குளிரில் விறைத்திருக்குமே என்றுதான்.

அடுப்புச் சுவரை ஒட்டி, சலவைக்குப் போகிற மேசைத்துணிகளைப் போட்டு வைக்கும் பெரிய கூடை இருக்கும். அதற்குள் துணி மெதுவாக ஏறி இறங்கியது. விலக்கினேன். வசந்தி வெதுவெதுப்பாகச் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். கூடைக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பிறகு அவளை வாரி எடுத்துக்கொண்டு போய் அம்மா மடியில் போட்டேன். அந்த அம்மா அப்போதுதான் அழ ஆரம்பித்தார். அழுகைச் சத்தத்தில் பிள்ளை முழித்துக்கொண்டு, ஹாலைச் சுற்றி ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கேட்டாள்: "எல்லாரும் காப்பி குடிச்சு முடிச்சிட்டீங்களா?"

சத்தமே இல்லாத டின்னர்

மறுநாள் ஒரு முடிவுக்கு வந்தேன். பிள்ளைகளைச் சாயங்காலமே களைப்பாக்கிவிட்டால், ராத்திரி எழுந்து போகத் தெம்பு இருக்காது. ஹோட்டலில் இருந்த அத்தனை பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஏரியைச் சுற்றக் கிளம்பினேன். வசந்தி என் கையை விடவில்லை. பாதி வழியில் அவளைத் தூக்கிக்கொண்டேன். மற்றதுகள் குதிரைக்குப் பின்னால் ஓடின, வாத்துக்குப் பின்னால் ஓடின, நான் அதுகளுக்குப் பின்னால் ஓடினேன். திரும்பி மேடேறும்போது பிள்ளைகள் புதுசாக முளைத்த கீரை மாதிரி இருந்தார்கள். எனக்கு மூச்சு வாங்கியது.

அதற்கப்புறம் நடந்தது அந்தோணி அண்ணன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். சூப் எடுத்தாகிவிட்டது. கணப்பில் கட்டை எரிந்துகொண்டிருந்தது. நான் அதன் பக்கத்தில், சுவரில் சாய்ந்து, கையில் சாஸ் கிண்ணத்தோடு நின்றபடியே தூங்கிவிட்டேன். முதலில் பார்த்தது வசந்தி. உதட்டில் விரலை வைத்து, "ஷ். ஆயா தூங்குது. யாரும் பேசாதீங்க" என்றாள். அடுத்த மேசைப் பிள்ளை அதை வாங்கி அடுத்ததுக்குச் சொன்னது. சத்தமாகப் பேசிய பெரியவர்களைப் பிள்ளைகள் அதட்டினார்களாம். கரண்டி தட்டில் படாமல் சாப்பிட்டார்களாம். யாரோ மெதுவாக என் கையிலிருந்து கிண்ணத்தை எடுத்துவிட்டு, என்னை நாற்காலியில் சாய்த்து, தோளில் ஒரு மேசைத்துணியைப் போர்த்தியிருக்கிறார்கள்.

முழித்துப் பார்த்தால் காபிக் கோப்பைகள் காலி. ஒரு பிள்ளைகூட எழுந்து போகவில்லை. வரிசையாக, உதட்டில் விரலோடு, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேடம் எனக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். முந்தின நாள் பிள்ளையைத் தொலைத்தேன், இன்றைக்குத் தூங்கிவிட்டேன். வேலை போயிற்று, வீட்டுக்காரர் வேலையும் சேர்ந்து போயிற்று என்றே நினைத்தேன். எழுந்து, "தப்புதான் மேடம்" என்றேன். மேடம் அந்த ஹாலை ஒரு தடவை சுற்றிப் பார்த்தார். பிறகு தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: "லூர்து, நாளைக்கும் நீ தூங்கு."

இத்தனை சீசன் நின்று பார்த்ததில் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது ஒன்றுதான்: இந்த நீளச் சாப்பாட்டை முதன்முதலில் ஏற்படுத்திய மகாராசனுக்குப் பிள்ளைகுட்டி ஒன்றும் இருந்திருக்காது.